எல்லைப்புறக் கலைஞரும் அரங்க உரிமையும்: பாறசாலை பொன்னம்மாளும் நவராத்திரி மண்டபமும்

முன்னுரை

கலைஞரைப் புரத்தல் என்பது தமிழ் மரபில் தொன்மையானதொரு சிந்தனை. பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் வறுமை நீங்கும் வழியைக் காட்டுவனவாக ஆற்றுப்படை நூல்கள் அமைந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு அடுத்த நிலையைக் காட்டுகிறது. ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான் ஆகியோரின் தகுதிகளையும் அரங்கின் அளவுகளையும் விரித்துரைத்த பின்னரே, மாதவி ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்ற செய்தியை இளங்கோவடிகள் கூறுகிறார். பயிற்சி, அரங்கு, பொருள் என்னும் மூன்றும் சேர்ந்ததே கலைஞருக்குரிய முழுமையான ஆதரவு என்பது இக்காதையால் பெறப்படும் கருத்தாகும்.

இன்று மன்னர்களின் இடத்தில் அரசுக் கல்லூரிகளும் கலைக்கழகங்களும் இலாப நோக்கமற்ற அறக்கட்டளைகளும் உள்ளன. அவை கலைஞருக்கு எதனைத் தருகின்றன, எதனைத் தர மறுக்கின்றன, யாருக்குத் தருகின்றன என்னும் வினாக்கள் பண்பாட்டுச் சமத்துவத்தோடு நேரடித் தொடர்புடையவை. கேரள மாநிலத்தின் தென்கோடி எல்லையில் அமைந்த பாறசாலையில் பிறந்த இசைக்கலைஞர் பொன்னம்மாளின் வாழ்வு (1924-2021) இவ்வினாக்களை ஆராய ஏற்றதொரு களமாகும். பயிற்சியையும் ஊதியத்தையும் இளமையிலேயே பெற்ற அவர், திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபம் என்னும் அரங்கினைத் தம் 82-ஆம் அகவையிலேயே பெற்றார். இந்த இடைவெளி ஏன் நேர்ந்தது, எவ்வாறு முடிவுக்கு வந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

எல்லைப்புறத்தின் பண்பாட்டுப் பின்னணி

பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சார்ந்த ஊர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் இதுவே. சாலை வழியே சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இதனால் அதுவரை ஒரே நாட்டின் அடுத்தடுத்த வட்டங்களாக இருந்த விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் இரு மாநிலங்களின் எல்லைப்பகுதிகளாயின.

ஆட்சி எல்லை மாறியபோதும் பேச்சு, வழிபாடு, கலை ஆகியவற்றின் எல்லை அவ்வாறே மாறிவிடவில்லை. 1634-இல் நிகழ்ந்த கணியாகுளம் போரில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து வீழ்ந்த வேணாட்டுப் படைத்தலைவனைப் பாடும் இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் என்னும் கதைப்பாடலைத் தமிழ் ஆய்வாளர் தமிழ்க் கதைப்பாடல் வரிசையிலும், மலையாள ஆய்வாளர் ‘தெக்கன் பாட்டுகள்’ வரிசையிலும் வைத்து ஆராய்கின்றனர். குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டு எனப்படும் கலையே திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் வில்லடிச்சான் பாட்டு எனப்படுகிறது. இரு மொழிகளும் கலந்து பழகிய நிலம் இது என்பதற்கு இவை சான்றுகளாகும்.

சமத்துவ வேட்கையிலும் இவ்வட்டாரத்திற்கு நெடிய வரலாறு உண்டு. நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-ஆம் ஆண்டு ஸ்ரீநாராயண குரு சிவலிங்கப் பிரதிட்டை செய்தார். பிரதிட்டை செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை அச்செயல் எழுப்பியது. அங்கு உருவான கோயில் அமைப்பே வளர்ந்து 1903-இல் ஸ்ரீநாராயண தரும பரிபாலன யோகமாயிற்று. குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலையில் தவமிருந்தவரும் தமிழில் பதிகங்கள் இயற்றியவருமாகிய நாராயண குரு, இந்த எல்லைப்புறத்தின் இருமொழிப் பண்பாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதே வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் பொதுச்சாலையில் வில்வண்டிப் பயணம் மேற்கொண்டு, ஒடுக்கப்பட்டோரின் வழிநடை உரிமையை நிலைநாட்டினார். சாலையில் நடக்கும் உரிமை, கோயில் அமைக்கும் உரிமை ஆகியவற்றிற்காகப் போராடிய இம்மண்ணில், அரங்கில் பாடும் உரிமை என்னும் வினா மட்டும் நெடுங்காலம் எழாமலேயே இருந்தது.

நவராத்திரி ஊர்வலமும் மண்டபமும்

பாறசாலை வழியாகச் செல்லும் சாலைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இச்சாலை வழியாகவே திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். முதல் நாள் இரவு குழித்துறையிலும் இரண்டாம் நாள் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் ஊர்வலம் தலைநகரை அடைகிறது. களியக்காவிளை எல்லையில் கேரள அரசின் சார்பில் வரவேற்பு அளிக்கப்படுகிறது. பத்மநாபபுரத்துச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபுவழிச் செய்தி. தமிழ்ப் புலவனோடு தொடர்புபடுத்தப்படும் கலைமகள், மொழியெல்லையைக் கடந்து சென்று மலையாள நாட்டின் தலைநகரில் கொலுவிருப்பது இவ்விழாவின் பண்பாட்டுப் பொருளை உணர்த்துகிறது.

பத்மநாபபுரம் தலைநகராக இருந்தபோது அங்கேயே நடைபெற்ற விழா, தலைநகர் மாறிய பின்னர்த் திருவனந்தபுரத்திற்கு மாறியது. சரசுவதியின் திருவுருவம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் வைத்து வழிபடப்பெறுகின்றனர். மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் இசையரங்கு நிகழும். சுவாதித் திருநாள் மன்னர் (1813-1846) நவராத்திரிக்கென இயற்றிய ஒன்பது வடமொழிக் கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாக முதன்மை உருப்படியாகப் பாடப்படுகின்றன. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்னும் முறையில் இராகங்கள் அமையும். முல்லைமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடித் தொடங்கி வைப்பது வழக்கம். ஒலி சீராகப் பரவுவதற்காகக் கூரையில் மண்குடங்கள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டுள்ளன. இசை வழிபாட்டின் உறுப்பாகக் கருதப்படுவதால் அங்குக் கைதட்டும் வழக்கமும் இல்லை.

இத்தகைய மண்டபத்தில் 2006 வரை பெண்கள் பாடும் வழக்கம் இருக்கவில்லை. பாடப்படும் நவராத்திரிக் கீர்த்தனைகள் தேவியைப் போற்றும் பாடல்கள். ஆயினும் அவற்றைப் பெண் குரலில் கேட்கும் வாய்ப்பு அந்தச் சந்நிதியில் இருந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் நாடகசாலையில், அரண்மனைப் பெண்கள் மரத்தடுப்பின் துளைகள் வழியே நிகழ்ச்சிகளைக் காணுமாறு அமைக்கப்பட்ட இடத்தை இன்றும் காணலாம். பெண் கலையைக் காணலாம். ஆனால் காணப்படாத நிலையில் இருந்தே காண வேண்டும் என்னும் அரண்மனைப் பண்பாட்டின் அடையாளமாக அதனைக் கொள்ளலாம். மண்டபத்தின் விலக்கும் இந்நோக்கின் தொடர்ச்சியே எனக் கருத இடமுண்டு.

இவ்விலக்கு முந்நூறு ஆண்டு மரபு எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயின் மண்டபத்தின் இசைமுறை இன்றுள்ள வடிவில் அமைந்தது சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளால்தான். விழா ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறியது. பாடல்கள் புதியனவாக இயற்றப்பட்டன. ஊர்வலம் செல்லும் வழியில் ஒரு மாநில எல்லையே தோன்றியது. இத்தனை மாற்றங்களை ஏற்ற விழாவில் பெண்குரல் விலக்கு மட்டும் மாறாத மரபாகக் கருதப்பட்டது. மரபு எது, வழக்கம் எது என்பதைப் பகுத்தறிதல் இங்கு இன்றியமையாததாகிறது.

இசைக்கழகம் திறந்த வழி

1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பு, கோயில்களை அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. 1939-இல் சுவாதித் திருநாள் பெயரில் இசைக்கழகம் ஒன்று திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வராக அமர்ந்தவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945). அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908-2003). குருகுல முறையில் ஆசிரியரின் இல்லத்தில் தங்கியே கற்க வேண்டியிருந்த இசைக்கல்வி, வகுப்பறைக் கல்வியாக மாறியது. இம்மாற்றத்தால் மிகுதியும் பயன் பெற்றவர்கள், ஆசிரியர் இல்லத்தில் தங்கிக் கற்கும் வாய்ப்பு அரிதாக இருந்த பெண்களும் இசைப் பரம்பரை இல்லாத குடும்பத்தினருமே எனலாம்.

நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்தே இவ்விரு நிலைக்கும் சான்று காட்ட முடிகிறது. பாறசாலையில் தமிழ் பேசும் பிராமணக் குடும்பத்தில் 1924 நவம்பர் 29-ஆம் நாள் பிறந்த பொன்னம்மாள், 1940-இல் இக்கழகத்தின் முதல் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த வாசுதேவன் எளிய குடும்பப் பின்னணியிலிருந்து வந்து இக்கழகத்தில் பயின்று, ஆகாசவாணிக் கலைஞராக விளங்கி, 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1987-இல் வெளிவந்த ‘சுவாதித் திருநாள்’ மலையாளத் திரைப்படத்தின் பாடல்கள் வழியாக அவர் குரல் பொதுமக்களையும் சென்றடைந்தது. ஒரே வட்டத்தின் இரண்டு ஊர்ப்பெயர்கள் கருநாடக இசையுலகில் இரு கலைஞர்களின் பெயர்களோடு ஒட்டி நிலைபெற்றமைக்கு இக்கழகமே வழிவகுத்தது.

பொன்னம்மாளின் இசைப்பணி

முத்தையா பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், பாபநாசம் சிவன் போன்ற பெரியோர்களிடம் கற்கும் வாய்ப்பு பொன்னம்மாளுக்குக் கிட்டியது. படிப்பை முடித்தபின் திருவனந்தபுரம் பருத்திக்குன்று (காட்டன்ஹில்) பெண்கள் பள்ளியில் இசையாசிரியராகப் பணியேற்றார். பின்னர்த் தாம் பயின்ற இசைக்கழகத்திலேயே முதல் பெண் ஆசிரியரானார். அதனைத் தொடர்ந்து திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக்கல்லூரியின் முதல் பெண் முதல்வராகப் பொறுப்பேற்றார். ‘முதல் பெண்’ என்னும் அடைமொழி அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். இந்த அடைமொழி அவர் பெருமையைக் கூறும் அளவிற்கு, அவர் நுழைந்த ஒவ்வோர் இடமும் அதுவரை பெண்களுக்கு மூடியிருந்தது என்பதையும் கூறுகிறது.

பொன்னம்மாளின் குரல் அமைதியும் அழுத்தமும் கொண்டது. விரைவும் ஆரவாரமும் இன்றிப் பாடலின் சொல்லையும் இராகத்தின் நிலையையும் காத்துப் பாடும் பழைய முறை அவருடையது. சுவாதித் திருநாளின் பாடல்களைச் செம்மைப்படுத்திப் பரப்பிய முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியாரிடமும் நேரில் கற்றவர் என்ற வகையில், அப்பாடல்களின் பாடமுறைக்கு அவரே ஒரு சான்றாக விளங்கினார். எனவே நவராத்திரிக் கீர்த்தனைகளைப் பாடும் தகுதியைப் பொறுத்தவரை அவருக்கு எக்குறையும் இல்லை. பல தலைமுறை மாணவர்களுக்கு இசை பயிற்றிய ஆசிரியர் அவர். அவ்வாறிருந்தும் நவராத்திரி மண்டபத்தில் ஆண்கள் மட்டுமே பாடும் நிலையே நீடித்தது. பயிற்சியும் ஊதியமும் கிடைத்தபின்னும் அரங்கு கிடைக்காத நிலை இது.

இந்நிலையைத் தமிழ்நாட்டு நிகழ்வுகளோடு ஒப்பிடுதல் பயனுடையது. திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையை நடத்திய ஆண்களின் இரு கட்சிகளும் பெண்களைப் பாட விடாதபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1920-களில் சமாதியைக் கோயிலாக எடுப்பித்தார். 1927-இல் பெண்களுக்கெனத் தனியே ஆராதனை தொடங்கினார். 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் யாவும் ஒன்றாயின. ஆண்களும் பெண்களும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை வந்தது. பொன்னம்மாள் இசைக்கழகத்தில் சேர்ந்த காலமும் அதுவே. காவிரிக்கரையில் அப்போது தீர்ந்த வினா, திருவனந்தபுரத்தில் தீர மேலும் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. திருவையாற்றில் விலக்கப்பட்ட கலைஞர் தாமே ஓர் அமைப்பை உருவாக்கினார். திருவனந்தபுரத்து மண்டபமோ அரச குடும்பத்தின் வழிபாட்டிடம். அங்கு வெளியிலிருந்து ஒருவர் மாற்று அரங்கு எழுப்ப வழியில்லை. மாற்றம் உள்ளிருந்தே வரவேண்டியிருந்தது.

அறக்கட்டளையும் 2006-ஆம் ஆண்டு மாற்றமும்

மன்னராட்சி முடிவுற்றபின் ஊர்வலத்தில் அரசின் பங்கு தொடர்ந்தது. மண்டபத்தின் இசைவிழாவோ அரச குடும்பத்தைச் சார்ந்த அறக்கட்டளையின் பொறுப்பில் நடைபெற்று வந்தது. அதே கோட்டைப் பகுதியில், சுவாதித் திருநாள் கட்டிய புத்தன்மாளிகை எனப்படும் குதிரைமாளிகையில், ஆண்டுதோறும் சனவரித் திங்களில் சுவாதி சங்கீதோற்சவம் என்னும் விழாவையும் அரச குடும்ப அறக்கட்டளையே நடத்துகிறது. சுவாதித் திருநாளின் பாடல்கள் மட்டுமே பாடப்பெறும் இவ்விழாவைக் கட்டணமின்றி எவரும் கேட்கலாம். இலாப நோக்கமற்ற வட்டாரக் கலையமைப்பு ஒன்று ஒரு மன்னரின் இசைச் செல்வத்தைப் பொதுமக்களின் உடைமையாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நவராத்திரி மண்டபத்தைப் பெண்களுக்குத் திறந்துவிடும் முயற்சியில் முன்னின்றவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் இராமவர்மா ஆவார். 2006-ஆம் ஆண்டு நவராத்திரியின்போது பொன்னம்மாள் மண்டபத்தில் பாடினார். அவ்வரங்கில் பாடிய முதல் பெண் என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. அவர் பிறந்த ஊரின் வழியே ஆண்டுதோறும் சென்ற கலைமகளின் திருமுன் அவருக்கு இடம் கிடைத்தது, இசைக்கழகத்தில் சேர்ந்து 66 ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆலயப் பிரவேச அறிவிப்பிலிருந்து கணக்கிட்டால் இவ்விடைவெளி 70 ஆண்டுகள்.

இம்மாற்றத்தில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, தேர்வு. விலக்கினை நீக்குவதற்குப் புகழ்பெற்ற இளம் பாடகி ஒருவரை அழைத்திருக்கலாம். அவ்வாறின்றி, அப்பாடல்களின் பாடமரபில் வந்த மூத்த உள்ளூர் ஆசிரியரை அழைத்தமையால், மாற்றத்தை எதிர்ப்போர் தகுதியைக் காரணம் காட்ட வழியில்லாமற் போயிற்று. இரண்டாவது, முறை. மண்டபத்தின் வழிபாட்டு ஒழுங்கோ கீர்த்தனை முறையோ மாற்றப்படவில்லை. பாடுபவர் யார் என்பது மட்டுமே மாறியது. மரபைக் காத்தலும் சமத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை இது மெய்ப்பித்தது. மூன்றாவது, பயன். இவ்வரங்கிற்குப் பின்னரே பொன்னம்மாளின் பெயர் கேரளத்திற்கு வெளியே பரவலாக அறியப்பட்டது. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் 92 வயதைக் கடந்திருந்தார். 2021 சூன் 22-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வெற்றியைப் போற்றும்போதே அதன் இழப்பினையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை மண்குடங்கள் தொங்கும் அம்மண்டபம் அறியாது. அவருக்கு முன்னும் அவருடனும் இசை பயின்று, அழைப்பு வராமலேயே மறைந்த பெண்களுக்கு 2006-ஆம் ஆண்டு எதனையும் தரவில்லை. காலந்தாழ்ந்த உரிமை பின்வருவோர்க்குப் பயன்படுகிறது. முன்சென்றவர்க்கு ஈடு செய்வதில்லை.

வில்லுப்பாட்டு: ஓர் எதிர்நிலை

எல்லைப்புறக் கலைகளை நோக்குங்கால், செவ்வியல் இசைக்கு நேர்மாறான நிலையை வில்லுப்பாட்டில் காணலாம். அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடைவிழாக்களில் நிகழும் இக்கலையில், வில்லின் நடுவே அமர்ந்து வீசுகோல் கொண்டு பாடும் தலைமைப் புலவர் இடம் பெண்ணுக்கும் உரியதாக இருந்தது. உடுக்கையும் குடமும் தாளமும் கட்டையும் ஒலிக்க, இரவு முழுவதும் கதை நடத்திய பெண் புலவர்களைக் குமரி மாவட்டம் கண்டிருக்கிறது. சிறுவயதிலேயே வில்லிசைக்கு வந்து பல்லாண்டுகள் பாடி 2018-இல் மறைந்த பூங்கனி அம்மாள் அவர்களுள் ஒருவர். மண்டபம் பெண்ணுக்குத் தராத நடுவிடத்தை ஊர்க்கோயிலின் பந்தல் தந்தது. ஆனால் பந்தல் தந்தது அரங்கை மட்டுமே. மாத ஊதியமோ ஓய்வூதியமோ பாடமுறையைக் காக்கும் கல்லூரியோ அக்கலைக்கு இல்லை. பூங்கனி அம்மாள் தம் முதுமையை வறுமையிலேயே கழித்தார்.

பொன்னம்மாளுக்குப் பயிற்சியும் ஊதியமும் இருந்தன. சந்நிதி அரங்கு இல்லை. பூங்கனி அம்மாளுக்கு அரங்கு இருந்தது, ஊதியம் இல்லை. அரங்கேற்று காதை ஒருங்கே வைத்த மூன்று கூறுகளும் இவ்விருவர் வாழ்விலும் பிரிந்தே கிடந்தன. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007-இல் அமைந்தது. கேரளத்தில் 1995-இல் தொடங்கிய நாட்டார் கலைக்கழகம் வடகேரளத்துக் கண்ணூரில் உள்ளது. தென்கோடி எல்லையிலுள்ள கலைஞருக்குச் சென்னையும் கண்ணூரும் ஒருசேரத் தொலைவானவை. மேலும், தமிழும் மலையாளமும் கலந்த பாட்டைப் பாடும் கலைஞரை ஒரு மொழிக்குரியவராகக் கணக்கிடும் மாநில அமைப்பு, அவர் கலையின் ஒரு பாதியையே காண்கிறது. எல்லையின் இருபுறமும் அறிந்த வட்டார அமைப்புகளின் தேவை இங்கேதான் புலப்படுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கலைஞருக்கான ஆதரவு பயிற்சி, ஊதியம், அரங்கு என்னும் மூன்று கூறுகளைக் கொண்டது. இவற்றுள் ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுப்பது நிறைவான ஆதரவாகாது.

2. திருவிதாங்கூரில் பயிற்சியும் ஊதியமும் அரசு நிறுவனங்கள் வழியே 1940-களிலேயே பெண்களை அடையத் தொடங்கின. வழிபாட்டோடு இணைந்த அரங்கு 2006-இல்தான் அவர்களை அடைந்தது. சட்டமும் கல்வியும் சென்றடையாத இடங்களில், அவ்விடத்தைப் பொறுப்பில் வைத்துள்ள அறக்கட்டளைகளின் முடிவே சமத்துவத்தைத் தீர்மானிக்கிறது.

3. நவராத்திரி மண்டபத்தின் மாற்றத்தால் வழிபாட்டு மரபு குறைவுபடவில்லை. கலைமகளைப் பாடும் பாடல்களுக்குப் பெண்குரலும் உரியதாயிற்று. நெடுங்கால விலக்கு என்பது மரபின் இன்றியமையாக் கூறன்று என்பது இதனால் உறுதிப்படுகிறது.

4. செவ்வியல் இசைக்கு 1939-இல் கிடைத்த கல்விக்கூடம் போன்ற ஒன்று, எல்லைப்புறத்து வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு இன்றும் தேவைப்படுகிறது. அதனை அமைப்போர் மொழியெல்லையை வரம்பாகக் கொள்ளாது, கலை வழங்கும் நிலத்தையே வரம்பாகக் கொள்ளுதல் வேண்டும்.

பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து கலைமகளின் ஊர்வலம் ஆண்டுதோறும் செல்கிறது. அச்சாலையோரச் சிற்றூர்களில் கலை பயிலும் ஒரு சிறுமி தனக்குரிய அரங்கினை அடைய அறுபத்தாறு ஆண்டுகள் காத்திராமல் இருப்பதே, பொன்னம்மாளின் வாழ்வு கலையமைப்புகளிடம் கோரும் கடமையாகும்.